எட்டாவது இடம்

வரி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒன்றரை வருஷமாக ஒரே பேச்சு. கணக்குத் தாக்கல் செய்ய இனி யாரும் தரகரைத் தேடி ஓட வேண்டாம், எல்லாரும் இணையத்தில் இலவசமாகத் தாங்களே செய்துகொள்ளலாம். அந்தப் பக்கங்களுக்குக் கேள்விகளை எழுதியவள் தங்கை. வேலை கொடுத்தவர் பெயரை எழுத எத்தனை கட்டம் வைப்பது என்று ஒருநாள் கூட்டத்தில் மதியம்வரை அடித்துக்கொண்டார்கள். ஒன்று போதும் என்றார்கள் பலர். இவள்தான் மல்லுக்கட்டி ஐந்து வாங்கினாள். தாராள மனசு என்று பாராட்டு வேறு. மாதம் பிறந்தால் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிற பத்துப் பேர் கூடினால் ஐந்து என்பது பெரிய எண்ணாகத்தான் தெரியும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

திங்கட்கிழமை திறப்பு. ஞாயிறு மத்தியானமே அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் தாக்கல் அக்காவுடையதாக இருக்க வேண்டும், அதற்கு ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஆசை. அக்கா பல இடங்களில் பெருக்கித் துடைத்துப் பிழைப்பவள், எத்தனை இடம் என்று தங்கை எண்ணிப் பார்த்ததில்லை. தங்கையைப் படிக்க வைத்ததும் அந்தக் கைதான். வருஷா வருஷம் ஒரு வாரக் கூலியைத் தரகருக்கு அழுதுகொண்டிருந்தாள். இந்த வருஷம் வர மாட்டேன் என்று அந்த ஆளிடம் கம்பீரமாகச் சொல்லிவிட்டும் வந்திருந்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா ஒற்றை விரலால் தட்டினாள். பல் மருத்துவர் வீடு, ஓய்வுபெற்ற ஆசிரியை வீடு, அடுக்குமாடிப் படிக்கட்டு, தையல்கடை, மழலையர் பள்ளி. ஐந்து ஆயிற்று. ஆறாவதைச் சேர்க்கப் போனால் பொத்தான் அசைவேனா என்றது. பிஸ்கட் டப்பாவில் இன்னும் மூன்று சம்பளச் சீட்டுகள் இருந்தன.

"அப்போ எந்த மூணு இடத்துல நான் வேலையே பார்க்கலைன்னு சொல்லணும்?" என்று கேட்டாள் அக்கா.

அதில் கிண்டல் துளியும் இல்லை. எதை விடுவது என்று அவள் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவின் அடியில் கிடந்த எட்டாவது சீட்டு தங்கையின் கண்ணில் படாமல் இல்லை. வரி அலுவலகம், மூன்றாம் மாடி, காலைத் துப்புரவு. இரண்டு வருஷமாக அவள் மேசையைத் துடைப்பது அக்காதான். அக்கா எட்டரைக்குள் துடைத்து முடித்துக் கிளம்பிவிடுவாள், ஒன்பதுக்கு இவள் வருவாள். அக்காவின் வேலை நேரமே அவ்வளவுதான் என்று இவள் நினைத்திருந்தாள். இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் என்று அங்கே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு காலத்தை ஓட்டியிருந்தாள். நல்ல சமாதானம்!

மறுநாள் காலை கூட்டத்தில், பக்கம் இன்னும் தயாராகவில்லை, எட்டு இடத்தில் வேலை பார்ப்பவருக்கு ஐந்து கட்டம் போதாது, திறப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்றாள். மேலதிகாரிக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். அவர் வழக்கம்போல மணிக்கட்டைப் பார்த்தார். ஐந்துக்கு மேல் இடம் உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் தேறுவார்களா, அவர்கள் தரகரிடமே போகட்டும் என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அறிவிப்புப் பலகையில் 'எல்லாருக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோமே என்று இவள் இழுத்தாள்.

"எட்டு இடத்துல வேலை பார்க்கிற ஆளை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களாம்மா? கற்பனையில பேசக் கூடாது."

தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினாள்.

"பார்த்திருக்கேன் சார். நீங்க கை வச்சிருக்கிற இந்த மேசையைத் தினமும் துடைக்கிறவங்க. எங்க அக்கா."

அவர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த வெட்கம் அப்போதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. கடைசியில் அவர் வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கொடுத்தார், அதற்குமேல் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது என்ற கண்டிப்போடு.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தாள். இப்போது கட்டங்களுக்குக் கணக்கே கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஏழு இடங்களைத் தட்டி முடித்து எட்டாவதில் விரலை நிறுத்தினாள். இதைப் போட்டால் உன் ஆபீசில் பார்ப்பார்களே என்று தயங்கினாள். கூட்டத்தில் தானே சொல்லிவிட்டதைத் தங்கை சொன்னாள்.

அக்கா அலுவலகத்தின் பெயரை ஓர் எழுத்து விடாமல் தட்டி முடித்தாள்.

"அப்போ இனிமே நான் எட்டரைக்குள்ள ஓட வேணாமா?" என்றாள். "என் வேலை நேரம் பத்து மணி வரைக்கும்டி. உனக்காகத்தான் விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டு இருந்தேன்."