காலி வீட்டின் ஒரு நிமிடம்

அவளுடைய அப்பாவுக்கு மெல்லப் பேசத் தெரியாது. முப்பது வருஷம் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்த்ததில் பாதிக் காது போயிருந்தது. தனக்குக் கேட்காத சத்தம் ஊருக்கும் கேட்காது என்று நினைப்பு. அவருக்குப் பிறந்தவள் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படிக்கப் போனாள். அன்றிலிருந்து அவளை 'காது' என்றே கூப்பிட்டார்.

"எனக்குப் போனது உனக்கு வந்துருச்சு" என்பார்.

இறுதியாண்டுக்கு ஐந்து நிமிடப் படம். பல வருஷம் கழித்துத் திரும்பி வரும் மகன் கதவைத் திறக்கிறான். வீட்டில் யாரும் இல்லை. அவ்வளவுதான் கதை. வேறு இடம் அமையாததால் அவளுடைய வீட்டிலேயே எடுத்தார்கள்.

படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரும் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க, அறையை மட்டும் பதிவு செய்ய வேண்டும். ஆள் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. ஃபிரிட்ஜ், ஜன்னல், தூரத்துச் சாலை. துண்டு துண்டான காட்சிகளை எடிட்டிங்கில் ஒட்டுகிற பசை அதுதான்.

முட்டி வலிக்கிறது, வெளியே போகமாட்டேன் என்று அப்பா உள் அறையில் உட்கார்ந்துவிட்டார். முதல் நிமிடத்தின் நடுவே இருமினார். இரண்டாவதில், "காது, பிள்ளைங்களுக்கு டீ போடட்டுமா?" என்று கத்தினார். மூன்றாவதில் தும்மல்.

"அப்பா! ஒரே ஒரு நிமிஷம் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியாதா?"

"நான் எங்கம்மா பேசினேன்? தும்மல் என்னைக் கேட்டுட்டா வருது?"

படத்தை இயக்கிய தோழி சிரித்தாள். 'டைரக்டரம்மா' என்றால்தான் அவள் திரும்பியே பார்ப்பாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெக்கார்டரின் மெமரி கார்டில் இடம் குறைவு. கெட்டுப்போன பதிவை அந்த இடத்திலேயே அழித்துவிடுவது இவள் வழக்கம். இருமல், டீ, தும்மல் மூன்றையும் அழித்தாள்.

நான்காவது முறை சத்தமே இல்லை. முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கைகாட்டுவதற்காகக் காத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்துக் குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவருடைய குரலைத் தேடினாள். காது கேட்காததால் அவர் போனில் பேசியதே இல்லை. வீடியோ எடுக்கிற குடும்பமும் இல்லை. அழித்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தாள். அதன்மேல் வேறு பதிவுகள் ஏறியிருந்தன. மிஞ்சியது அந்த நான்காவது நிமிடம். வாழ்நாளெல்லாம் கத்திய மனிதர் வாயே திறக்காத நிமிடம்.

அதைத்தான் கடைசிக் காட்சியின் கீழே போட்டாள். டைரக்டரம்மா இரண்டு முறை பார்த்தாள்.

"வீடு காலியா இல்லடி."

"ஷாட்ல யாரு இருக்கா?"

"கண்ணுக்கு இல்ல. காதுக்கு இருக்காங்க. யாரோ உள்ளே ஒளிஞ்சிருக்கிற மாதிரி இருக்கு. பேய்ப் படம்னு நினைச்சுக்குவாங்க."

இவள் ஹெட்போனை மாட்டினாள். நாற்பத்தோராவது நொடியில் நாற்காலி முனகியது. பிடித்து வைத்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக, மூக்கில் லேசான விசிலோடு கசிந்தது.

இவள் முகத்தைப் பார்த்ததும்தான் டைரக்டரம்மாவுக்கு அது யாரென்று உறைத்தது. "ஐயோ. விடு, அதுவே இருக்கட்டும்."

"பாவம் பார்த்து வெச்சா படம் குட்டிச்சுவராப் போகும். நாளைக்கு வேற எடுத்துட்டு வரேன்."

மறுநாள் மதியம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மறுபடியும் என்னடி இது?" என்றாள் மைக்கைப் பார்த்து.

"யாருமில்லாத வீட்டுச் சத்தம் வேணும்மா."

அம்மா மடித்த துணியை வைத்துவிட்டு, செருப்பு சத்தம் போடக்கூடாதென்று கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மகள் ரெக்கார்டரை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினாள். இருவரும் மாடிப்படியில் நின்றார்கள்.

அம்மா கிசுகிசுத்தாள். "அன்னிக்கு உங்கப்பா சத்தம் போடாம இருந்தாராமே?"

"ஒரே ஒரு தடவை."

"எனக்காக ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல."

ஒரு நிமிடம் முடிந்தது. இருவரும் அதற்கு மேலும் பத்து நிமிடம் அங்கேயே நின்றார்கள்.

எடிட்டிங் மேசையில் பழைய பதிவைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டாள். இப்போது வீடு காலி. ஆனால் சப்பென்று இருந்தது, முதலிலிருந்தே யாரும் குடியிராத வீடு மாதிரி. காலி என்று தெரிய வேண்டுமானால் முன்னால் ஒருவர் இருந்திருக்க வேண்டும். வகுப்பில் யாரும் இதைச் சொன்னதில்லை. படத்தில் மகன் வாசலில் நிற்கும்வரை அப்பாவின் நிமிடத்தை வைத்தாள். அவன் உள் அறைக் கதவைத் திறக்கும் இடத்தில் வெட்டிப் புதியதை ஒட்டினாள். அப்பாவை எந்த இடத்தில் நிறுத்துவது என்று சுட்டியை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் ஒரு பகல் போனது.

திரையிட்ட அன்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. திரையில் மகன் வாசலுக்கு வந்ததும் அம்மா நிமிர்ந்தாள். இருபத்தாறு வருஷம் அந்த மூக்கு விசிலுக்குப் பக்கத்தில் படுத்தவள். அவன் உள் அறையைத் திறந்தான். விசில் நின்றது. அரங்கில் நொறுக்குத் தீனி கொறித்துக்கொண்டிருந்தவர்களின் கைகளும் நின்றன. எது நின்றது என்று அவர்களுக்குத் தெரியாது.

"போயிட்டாருடி" என்றாள் அம்மா, சற்று உரக்கவே.

முன்வரிசையில் யாரோ திரும்பி "ஷ்" என்றார்கள். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.