சுருட்டை போட்ட குட்டிகள்

ராஜகிரி அடிவாரத்தில் வெயில் ஏறுவதற்குள் நாகம்மாள் முப்பது கல்லாவது புரட்டியிருப்பாள். சுருட்டை விரியன் இருட்டிய பிறகுதான் இரை தேடி வெளியே வரும். பகலெல்லாம் கல்லடியில் கிடக்கும். கடைசியாகப் புரட்டிய பலகைக்கல்லின் கீழே ஒன்று மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, உடம்போடு உடம்பை உரசிச் சரசரத்தது. அவள் அதைக் குச்சியால் தூக்கிப் பானைக்குள் விட்டாள். தள்ளி நின்ற அவள் புருஷன் ஆதிமூலம், அதற்கப்புறம் வந்து பானை வாயைத் துணியால் மூடி வேடு கட்டினான்.

பங்களாவுக்குப் போனால் எல்லாம் தலைகீழாகிவிடும். மெட்ராஸிலிருந்து வந்து தங்கியிருந்த பாம்பு ஆராய்ச்சி ஐயா, ஆதிமூலத்தை மட்டும் வராந்தாவில் ஏற்றுவார். அவருடைய எடுபிடி ராமகிருஷ்ணன் டீ கொடுப்பான். சுருட்டை தேளும் பூரானும் தின்னும், மழைக்காலத்தில் புதர்மேல் ஏறிப் படுக்கும் என்று ஆதிமூலம் சொல்லச் சொல்ல ஐயா நோட்டில் எழுதிக்கொள்வார். அத்தனையும் நாகம்மாள் சொல்லிக்கொடுத்தவை. அவள் வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பாள். வயிறு எரியும். கட்டிய புருஷன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? அவள் பட்டாள்.

"மெட்ராஸ்ல ஐயாவோட பாம்புப் பண்ணையில ஒரு வேலை காலியா இருக்குதாம். மாசச் சம்பளம், தங்க ரூமு," என்றான் ஆதிமூலம் வழியில். "இன்னிக்குக் கேக்கறதுக்குச் சரியா சொல்லிட்டா எனக்குத்தான்."

"அப்ப நானு?"

"நீ இங்கியே இரு. ஏண்டி, இது முட்டை போடுமா, குட்டி போடுமா?"

பாம்பின் வயிறு பருத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"முட்டைதான்," என்றாள்.

அதையே அவன் ஐயாவிடம் சொன்னான். அவரும் எழுதிக்கொண்டு, பாம்பைக் கம்பிவலைப் பெட்டிக்குள் விடச் சொன்னார். டீ ஆறுவதற்குள் பென்சில் கனத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வலைக்கண் பெரிய பாம்புக்கு அளவெடுத்துச் செய்தது. குட்டிகள் அதில் நுழைந்து வெளியேறி, சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் நழுவிப் பரவின. ராமகிருஷ்ணன் செருப்பை உதறிவிட்டு மேஜைமேல் ஏறிவிட்டான். ஆதிமூலம் தூணோடு ஒட்டிக்கொண்டான்.

"முட்டைன்னு சொன்னியே?" என்றார் ஐயா.

நாகம்மாள் முதல் தடவையாக வராந்தாவில் ஏறினாள்.

"நான்தாங்க எம் புருசன்கிட்ட பொய் சொன்னன். குட்டி போடும்னு எனக்குத் தெரியும். புடிக்கறதும் நான்தான். அந்த வேலைய எனக்குக் குடுங்க ஐயா."

ஆதிமூலம் அவளை வெறித்துப் பார்த்தான்.

"பொம்பளைங்கள அந்த வேலைக்கு எடுக்கறதில்லம்மா," என்றார் ஐயா. "இவனையும் நம்ப முடியல. ராமகிருஷ்ணனே பாத்துக்கட்டும். மொதல்ல இதையெல்லாம் புடிச்சுக் குடு."

அவள் குந்தி உட்கார்ந்து, துடைப்பக்குச்சியால் குட்டிகளை ஒவ்வொன்றாக ஏந்திச் சீசாவில் விட்டாள். பதினொன்று தேறியது.

"இன்னொண்ணு என் செருப்புக்குள்ள போச்சு," என்றான் ராமகிருஷ்ணன்.

நாகம்மாள் செருப்பைக் கையில் எடுத்து, கவிழ்த்துத் தட்டினாள். குட்டி சீசாவுக்குள் விழுந்தது. மேஜைமேலிருந்து ராமகிருஷ்ணன், அவள் கையிலிருந்த செருப்புக்கு நேராகக் காலைக் கீழே நீட்டினான்.