அசையாத ஊசி

அவருக்குக் குடும்பம் வைத்த பெயர் மீட்டர். வேலை தணிக்கை. ஊரிலுள்ள அலுவலகங்களுக்கெல்லாம் போய்க் கோப்பைப் புரட்டி, அடுத்தவன் போட்ட கூட்டலில் தப்புக் கண்டுபிடிப்பார். அதில் கிடைக்கும் சுகம் அவருக்குச் சாப்பாட்டில்கூடக் கிடையாது. கோப்பில் இருநூறு மூட்டை என்றிருந்தால் அவருக்கு இருநூறு மூட்டைதான். கிடங்குக்குப் போய் எண்ணிப் பார்க்கும் வழக்கம் இல்லை. எண்ணுவது கூலிக்காரன் வேலை என்பார்.

மிச்ச நேரத்தில் அவர் ஹாம். அதாவது, லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே ரேடியோ வைத்து, உலகத்தோடு பேசுகிறவர். பேசுகிறவர் என்று சொல்வது மரியாதைக்கு. அவர் பேசினார், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. காரணம் கேட்டால், மற்றவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பார்.

வீடு அண்ணனும் தம்பியும் சேர்ந்து இருக்கும் வீடு. மாடி ஒன்றுதான். அதன் நடுவில் மீட்டர் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அண்ணி துவைத்த துணியோடு மேலே போனால் குனிந்தும் நிமிர்ந்தும் போகவேண்டும். ஒரு வருஷம் பொறுத்தாள். போன மாதம் ஒரு நனைந்த போர்வை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அன்றோடு பொறுமையும் கிழிந்தது.

"தம்பி, இதுல யார்கூடவாவது பேசியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பேசுவேன் என்றார் மீட்டர். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, நானூறு மைலுக்கு அப்பால் இருக்கும் தங்கை புருஷனோடு ரேடியோவில் பேசிக் காட்டுவேன். பேசாவிட்டால் மாடி அண்ணிக்கு என்று அண்ணன் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார். அண்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சாட்சி சொன்னார்.

தங்கை புருஷனும் ஹாம்தான். மீட்டருக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவர் எல்லாவற்றையும் கடையில் வாங்குகிறவர். "கடையில வாங்குறவன்லாம் ஹாம்னா, ஹோட்டல்ல சாப்பிடறவன்லாம் சமையல்காரன்" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே சொன்னவர் மீட்டர். இந்தப் பந்தயத்துக்கு அவரே ஒரு பலூன் செய்யப்போவதாகப் பிரகடனம் செய்தார்.

காற்றடிக்கும் பலூன் அல்ல. ரேடியோவிலிருந்து வரும் கேபிளுக்கும் மேலே கட்டிய கம்பிக்கும் ஒத்துப்போகாது. இரண்டையும் சமாதானம் செய்து சேர்த்து வைக்கும் கல்யாணத் தரகர் இந்தப் பலூன். ஒரு வளையத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி டப்பாவுக்குள் வைப்பார்கள். எந்த வளையம் என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். தரகர் யோக்கியமாக இல்லாவிட்டால் சீரும் போகும், செனத்தியும் போகும்.

என்ன வளையம் போடுகிறீர்கள் என்று தங்கை புருஷன் போனில் மரியாதையாகத்தான் கேட்டார். செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய மஞ்சள் வளையம் என்றார் மீட்டர். அந்த வளையம் இந்த வேலைக்கு ஆகாதே, சக்தியைக் குடித்துவிடுமே என்று அவர் இழுத்தார். வளையம் என்றால் வளையம்தான், கடைக்காரன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே என்று மீட்டர் மடக்கினார். அதே மாதிரி இன்னொன்று செய்து, இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, இந்தப் பக்கம் போவது அந்தப் பக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள் என்று அவர் சொன்ன யோசனைக்கு மீட்டர் சிரித்தார். ஒன்று செய்யத் தெரியாதவன்தான் இரண்டு செய்வான்.

சோதனைக்கு அவரிடம் தங்க முலாம் பூசாத குறையாக ஒரு கருவி இருந்தது. ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஊசி காட்டும். ஊசி ஒன்றில் நின்றால் எதுவும் திரும்பவில்லை. மேலே கம்பியே இல்லாவிட்டால் போனதெல்லாம் திரும்பி வந்து ஊசி எகிறவேண்டும். வியாழக்கிழமை மாடிக் கைப்பிடிச் சுவரில் டப்பாவைப் பொருத்தி, கம்பத்திலிருந்து இறங்கும் இரட்டைக் கம்பியை அதில் முடுக்கி, கீழே வந்து பொத்தானை அழுத்தினார். ஊசி ஒன்றை விட்டு நகரவில்லை.

"பாத்தியா மாப்பிள்ளை? சொட்டு திரும்பலை" என்றார் போனில்.

"கொடுத்தனுப்புன ஆள் திரும்பி வரலைன்னா, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டான்னு அர்த்தமா மச்சான்? வழியில படுத்துத் தூங்கலாம்ல?"

பொறாமை என்று போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமையும் அழுத்தினார். சனிக்கிழமை மழை, அப்போதும் அழுத்தினார். நிமிஷக்கணக்கில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஊசியின் அழகில் லயித்தார். ஊசியைப் படம் எடுத்து ஹாம் குழுவுக்கு அனுப்பி, ‘மழையிலும் அசையாது. கடைச் சரக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க’ என்று கீழே எழுதினார். மாடிக்கு மட்டும் போகவில்லை. கோப்பு சரியாக இருக்கும்போது கிடங்குக்கு எதற்குப் போகவேண்டும்?

ஞாயிறு காலை வந்தது. அண்ணன், அண்ணி, தன் மனைவி எல்லோரையும் அறைக்குள் நிற்கவைத்தார். ஊசி ஒன்றில். கூப்பிட்டார். காதில் இரைச்சல்தான். மறுபடி கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு அதட்டியும் கூப்பிட்டார். மேசைமேல் போன் அடித்தது. தங்கை புருஷன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா மச்சான்?"

அரை மணி நேரமாகக் கத்துகிறேன், உன் ரேடியோவைக் குப்பையில் போடு என்றார் மீட்டர். மீட்டரின் பக்கத்து ஊர்க்காரர்கள் பேசுவதெல்லாம் தனக்கு நன்றாகக் கேட்கிறது என்றார் அவர். மீட்டரின் மனைவி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

மாடியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று மீட்டர் கர்ஜித்துப் படியேறினார். போனும் குடும்பமும் பின்னால் ஏறின. மேலே இரட்டைக் கம்பி டப்பாவில் இல்லை. கழற்றி, சுருட்டி, கம்பத்தில் கட்டியிருந்தது. அதே கம்பத்தில் கட்டிய கயிற்றில் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. டப்பாவின்மேல் ஒரு ஜோடி சாக்ஸ்.

"அண்ணி, கம்பியைக் கழட்டுனது யாரு?"

"நான்தான். வெள்ளிக்கிழமை காலையிலேயே கழட்டிட்டேன். விரிப்பு மாட்டுச்சு."

மீட்டருக்கு முகம் மலர்ந்தது. பந்தயம் செல்லாது, இது சதி, கம்பியே இல்லாமல் எப்படிப் பேசமுடியும், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மாடி அதிரச் சொன்னார். கோர்ட்டில் ஜெயித்தவர் போல மூச்சு வாங்கினார்.

போனில் தங்கை புருஷன் ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"வெள்ளிக்கிழமை காலையிலேயே கழட்டிட்டாங்களா? அப்போ சனிக்கிழமை மழையில எடுத்த படத்துல ஊசி எப்படி மச்சான் ஒண்ணுல நின்னுது?"

மீட்டர் கணக்குப் போட்டார். கம்பி இருந்தது என்றால் பந்தயம் தோற்றது. கம்பி இல்லை என்றால் ஊசி பொய். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, எந்தப் பக்கம் கூட்டினாலும் தப்பு அவர் பெயரில் வந்தது. அனுப்பிய சக்தி முழுவதையும் அந்த மஞ்சள் வளையமே உட்கார்ந்து தின்றிருந்தது. கம்பி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

அண்ணன் டப்பாவைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "சுடுதுடா" என்றார். இந்த விவகாரத்தில் அவர் சொன்ன ஒரே கருத்து அது.

"நாளைக்கே கம்பத்தைப் பிடுங்கிடறேன்" என்றார் மீட்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்குத் தம்பி? கம்பம் நல்லாத்தான் இருக்கு. கயிறு கட்ட நான் வேற கம்பத்துக்கு எங்க போவேன்?" அண்ணி சாக்ஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. "டப்பாவும் இருக்கட்டும். மழை நாள்ல சொல்றேன், கீழ உக்காந்து கொஞ்ச நேரம் அழுத்துங்க. உங்களுக்கும் பொழுது போகும்."