சாவித்திரி கேட்ட சத்தம்

பிளக்கைச் சொருகியதும் ஐஸ் பெட்டி முனக ஆரம்பித்தது. கொண்டுவந்த ஆள் கண்ணாடி மூடியைத் துடைத்துவிட்டு, "கம்ப்ரசர் நல்லா ஓடுதுமா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே எழிலரசியின் அம்மா சாவித்திரி மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள். எந்தச் சத்தம் அவளை உயிரோடு இருந்தவரை வாட்டி எடுத்ததோ, அதையே தேடிப் பிடித்துக் கூட்டிவந்து தலைமாட்டில் வைத்துவிட்டார்கள்.

சாவித்திரிக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ லாரியை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் போன மாதிரி, கனமாக, விடாமல். மண்ணூர்பேட்டை வீட்டில் அவளைத் தவிர வேறு யார் காதிலும் அது விழவில்லை. பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் மெஷினாக இருக்கும் என்றார்கள். பொங்கலுக்கு எஸ்டேட்டே பூட்டிக் கிடந்த அன்றும் கேட்டது. காது டாக்டர் சோதித்துப் பார்த்து, இந்த வயதில் இவ்வளவு நல்ல காதைத் தான் பார்த்ததே இல்லை என்று பாராட்டிவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவின் தம்பி சம்பத் காத்து கருப்பு என்று முடிவு கட்டி, திருவேற்காட்டுப் பக்கம் யாரிடமோ கூட்டிப்போய்த் தாயத்து கட்டிவிட்டார். அம்மா மாத்திரையைக் குப்பையில் போட்டாள். தாயத்தை பாத்ரூம் ஆணியில் மாட்டினாள்.

"பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. சத்தம். உங்க காதுல உழலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

எழிலரசி ஒருமுறை போனில் தேடிப் படித்துக் காட்டினாள். வெளிநாடுகளில்கூட சில ஊர்களில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஒரு சத்தம் கேட்கிறதாம். விஞ்ஞானிகள் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் பல இடங்களில் காரணம் பிடிபடவில்லையாம். அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப அங்கயும் தாயத்து கட்டி உட்டுருப்பானுங்க" என்று சிரித்தாள்.

அப்பாவிடம் மட்டும் தினமும் ஒரு தடவை கேட்பாள். சமையல்கட்டுச் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, "கேக்குதா?" என்பாள். கேள்வி முடிவதற்குள் அப்பா "இல்ல" என்பார். மனோகரன் முப்பத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவர். காலிங் பெல்லே அவருக்குக் கேட்காது. எழிலரசி வாங்கித் தந்த காது மெஷின் இரண்டு வருஷமாக டப்பாகூடப் பிரிக்காமல் பீரோவில் தூங்குகிறது. தனக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது என்பது அவர் கட்சி.

நேற்று மத்தியானமும் கேட்டாள், அவரும் "இல்ல" என்றார். இன்று விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். எழிலரசியின் தம்பி வினோத் மஸ்கட்டிலிருந்து வந்து சேர சாயங்காலம் ஐந்து மணியாகும்.

எழிலரசி எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற?" சம்பத் மாமா பதறி எழுந்தார்.

"அம்மாவுக்கு இந்தச் சத்தம் ஆவாது மாமா."

"செத்துப்போனவளுக்கு இன்னா சத்தம்? உடம்பு கெட்டுப்பூடும். புள்ள வந்து மூஞ்சியப் பாக்க வேணாமா?"

"ஐஸ் பார் வெப்போம். இந்தப் பெட்டிலாம் வர்றதுக்கு முன்னாடி யாரும் சாவலையா?"

மாமா அவள் கையிலிருந்து பிளக்கைப் பறித்து மறுபடி சொருகினார். பெட்டி முனகியது. அவள் மறுபடி பிடுங்கினாள். இந்தத் தடவை ஒயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "ஆத்தாளப் புடிச்சது பொண்ணு மேல ஏறிகிச்சி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

"ஆமா, ஏறிகிச்சி. அது ஐஸ் கேக்குது. யாராவது போய் வாங்கினு வாங்க."

அப்பாதான் மெல்ல வாயைத் திறந்தார். "வேணாம் எழிலு. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

அவளுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "உனுக்கே காது கேக்காதுப்பா! பன்னெண்டு வருசமா அம்மாவப் பாத்து சத்தமே இல்லன்னு தீர்ப்பு சொன்னது நீதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இரு, கேட்டுப் பாக்குறேன்'னு சொல்லியிருப்பியா?"

அதை அவருக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சம்பத் மாமா கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக் சாவியை எடுத்தார்.

"எத்தினி பார் வோணும்?"

முக்கால் மணி நேரத்தில் லோடு ஆட்டோவில் ஐஸ் வந்தது. அம்மாவைப் பெட்டியிலிருந்து தூக்கி பெஞ்சில் கிடத்தினார்கள். சுற்றிலும் ஐஸ் பாரை அடுக்கி மரத்தூளைக் கொட்டினார்கள். உருகும் தண்ணீருக்கு ஓர் அலுமினிய அன்னக்கூடையை வைத்தார்கள். காலிப் பெட்டி வாசலுக்குப் போனது. கூடத்தில் இப்போது ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான்.

அப்பா எழுந்து ஃபேனை நிறுத்தினார். சமையல்கட்டுக்குள் போய் ஃப்ரிட்ஜை அணைத்தார். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். பிறகு பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. டப்பாவோடு வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பொத்தான் அளவு பேட்டரியின் ஸ்டிக்கரை நகத்தால் உரிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. மெஷினைக் காதில் வைத்தார். அது கீச்சிட்டது. முகத்தைச் சுளித்து, இன்னும் உள்ளே அழுத்தினார்.

எழிலரசி கையில் சுற்றியிருந்த ஒயரின் தடத்தைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேக்குதாப்பா?"

அப்பா ஒரு விரலைத் தூக்கினார். "இரு."

தலையைச் சமையல்கட்டுச் சுவர்ப் பக்கம் சாய்த்துக்கொண்டார். அன்னக்கூடையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. தூக்கிய விரலை அவர் இறக்கவில்லை.