மடி சொன்ன பொய்

மகளின் புதிய காது கேட்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, அம்மாவின் மடியில் உட்காரவைத்தே டெஸ்ட் எடுத்தார்கள். சத்தம் வரும்போது குழந்தை திரும்பினால், பக்கத்திலிருக்கும் பொம்மைக் கரடிக்குள் விளக்கு எரியும்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் குழந்தை டக்டக்கென்று திரும்பியது. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

டெஸ்ட் எடுத்த பெண்ணோ உதட்டைப் பிதுக்கினாள். "இது செல்லாதுங்க. சத்தம் வந்ததும் உங்க தொடை இறுகுது. பாப்பா அதை வச்சுத்தான் திரும்புது."

அம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நான் பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரிதானே உக்காந்திருந்தேன்!"

அந்தப் பெண் அம்மாவின் காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, பாட்டை ஓடவிட்டாள். இனி அந்த அறையில் இடியே விழுந்தாலும் அம்மாவுக்குக் கேட்காது.

பாட்டு ஓடியது. குழந்தை தன்பாட்டுக்கு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. 'போச்சு, எல்லாம் என் தொடைதான்' என்று அம்மா நினைத்தாள்.

அப்போது குழந்தை விரலை எடுத்துவிட்டு மெல்லத் திரும்பியது. கரடிக்குள் விளக்கு எரிந்தது.

அறையில் ஏதோ சத்தம் வந்திருக்கிறது என்று, முதல்முறையாக, மகள் அம்மாவுக்குச் சொன்னாள்.