பெயிண்ட் ஷாப்பின் முதல் பேர்

பெயிண்ட் ஷாப்புக்கு ஃபுட்பால் வராது. இது ஓசூர்ப் பக்கத்து அந்தக் கம்பெனியில் கேட் செக்யூரிட்டிக்குக் கூடத் தெரிந்த சங்கதி. நாலு டிபார்ட்மெண்ட், நாலு டீம். கடைசி இடத்தைப் பெயிண்ட் ஷாப் பட்டா போட்டு வைத்திருந்தது. அந்த டீமுக்குக் கேப்டனும் திம்மப்பன், கோல் காக்கிற கோலியும் திம்மப்பன். பந்து அவனைத் தாண்டிப் போகிற அழகைப் பார்க்கவே மற்ற ஷிப்டுக்காரர்கள் லீவு போட்டு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் மேனேஜ்மெண்ட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. மறுபடியும் கடைசியென்றால் டீமைக் கலைத்து ஸ்டோர்ஸ் டீமோடு சேர்த்துவிடுவார்களாம். டீம் போனால் திம்மப்பனின் கேப்டன் பதவியும் போய்விடும். மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? கேண்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட அவனைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தை போய்விட்டால் அப்புறம் அவன் வெறும் திம்மப்பன்தான்.

நல்ல வேளையாக ஒரு வழி இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்களை டீம்கள் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். போன வருஷம் கடைசியாக வந்தவர்களுக்கே முதல் பேர் சொல்லும் உரிமை. கடைசிக்கு முந்தின அசெம்பிளிக்கு இரண்டாவது பேர். இந்த வருஷக் கூட்டத்தில் நாகரசம்பட்டிப் பையன் வெஸ்லின் இருந்தான். ட்ரையல் மேட்ச்சில் அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வராத குறைதான். அடித்த கோலுக்குக் கணக்கில்லை.

இவ்வளவு வெளிச்சமாக இருக்கிற விஷயத்தில் வாதம் எதற்கு என்பீர்கள். பெயிண்ட் ஷாப்பை உங்களுக்குத் தெரியாது. டீ பிரேக்கில் ஆரம்பித்தார்கள். ஸ்ப்ரே அடிக்கிற அன்புமணி வெஸ்லினைத் தவிர வேறு பேச்சே கூடாது என்றான். பெயிண்ட் கலக்குகிற கரியப்பன் பெரியவர், ஊர்க் கோயிலில் தர்மகர்த்தா. அவருக்கு எல்லாமே கோயில் கணக்குத்தான். முதல் பேர் என்பது முதல் தாம்பூலம், அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று நாலு பேர் பார்ப்பார்கள், ஓடுகிறவன் உதைக்கிறவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது என்றார். அதோடு நின்றாரா? அடிக்கிறவன் ஒரு கோல் அடிப்பான், தடுக்க ஆளில்லாவிட்டால் பத்து கோல் உள்ளே போகும், ஆகையால் நல்ல கோலியாகப் பார்த்து எடுப்பதே நியாயம் என்று வேறு சொல்லிவிட்டார். எல்லார் கண்களும் திம்மப்பன் பக்கம் திரும்பின. திம்மப்பன் டீயை மடக்கென்று குடித்துவிட்டு, வெஸ்லின்தான், பேச்சு முடிந்தது என்று எழுந்துவிட்டான்.

பேச்சு எங்கே முடிந்தது? குருபரப்பள்ளியில் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுத்தது ஆரம்பித்தது. அவன் பெண்டாட்டி மாரம்மா அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அவள் தம்பி சந்தோஷும் புதிதாகச் சேர்ந்த பையன்களில் ஒருவன். தங்கமான பையன். ட்ரையல் மேட்ச்சில் பந்து வெளியே போனபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்து, எதிர் டீமுக்கே பணிவாகக் கையில் கொடுத்தவன் அவன்தான்.

மாரம்மா சண்டை போடவில்லை. களியையும் கீரையையும் தட்டில் வைத்துவிட்டு, கல்யாணத்தை எடுத்தாள். அவர்கள் வழக்கப்படி பெண்ணோட தம்பிக்குத்தான் வேட்டி துண்டு போட்டு முதல் தாம்பூலம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் திம்மப்பன் வீட்டார் அதைத் தங்கள் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சின்னப் பையன் சந்தோஷ் நீட்டின கையை மடக்கத் தெரியாமல் மணவறை ஓரம் நின்றான். மத்தூரில் அவள் அப்பா வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வராமல் பொங்கல் கழியாது.

"இப்பவாச்சும் மைக்குல மொதப் பேரா அவம்பேர் வரட்டுங்க," என்றாள். "அவ்ளோதான் நாங் கேக்கறது."

திம்மப்பன் தன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டினான். சந்தோஷை வேறு எந்த டீமும் கண்ணெடுத்துப் பார்க்காது, வெஸ்லினை முதலில் எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றில் மச்சினனைக் கூப்பிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காயும் விழும் என்றான். மாரம்மா, பந்தி முடிந்த பிறகு மிச்சம் மீதியைப் போடுகிற மாதிரியா என்று கேட்டாள். அப்புறம் 'ஆய்த்து', அதாவது 'ஆச்சு, போதும்' என்று ஒரு சொல். அவள் கன்னடத்துக்குப் போய்விட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த வாரம் பூராவும் களி உருண்டை சின்னதாகிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை கேண்டீனில் கூட்டம் நெரிந்தது. மைக் திம்மப்பன் கைக்கு வந்தது. முன் வரிசையில் வெஸ்லின் பாதி எழுந்தே விட்டான். அன்புமணி கை தட்டத் தயாராக நின்றான். திம்மப்பன் வாயைத் திறக்கும்போது அசெம்பிளிப் பெண்கள் நடுவே மாரம்மா தெரிந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷ்," என்றான்.

சந்தோஷ், தன்னையா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அன்புமணி தலையில் கை வைத்து உட்கார்ந்தான். கரியப்பன் மட்டும், மச்சினனுக்கு முதல் தாம்பூலம், முறைதான், ஆனால் நாம் தோற்பதும் முறைதான் என்றார். மாரம்மா அழுதாள். துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க வந்தது. அதைப் பார்த்ததும் திம்மப்பனுக்கு நெஞ்சு நிறைந்து போனது. டீம் போனால் போகட்டும், இவளை இத்தனை வருஷம் இந்த வருத்தத்தோடு விட்டுவிட்டோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவன் மைக்கைக் கீழே வைக்கக்கூட இல்லை. அசெம்பிளி லைன் லீடர் சுசித்ரா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, "வெஸ்லின்!" என்று கத்தினாள். அசெம்பிளி மொத்தமும் எழுந்து ஆடியது. அதில் முதல் விசில் யாருடையது என்கிறீர்கள்? கண்ணீர்கூடக் காயாத மாரம்மாவுடையது. நாலு பெண்கள் அவளைத் தோளில் தட்டி, சொன்ன மாதிரியே செஞ்சிட்டியே என்றார்கள். திம்மப்பன் காதில் அது நன்றாகவே விழுந்தது.

அடிப்பாவி!

சாயங்காலம் வண்டியில் பின்னால் அவள் ஏறி உட்கார்ந்தாள். திம்மப்பன் பேரண்டப்பள்ளி ஏற்றம் வரை வண்டியை ஓட்டினான். அப்புறம் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டான். அழுதது நிஜமா, விசில் நிஜமா?

"ரெண்டுந்தான்," என்றாள் மாரம்மா. "அன்னிக்கு எந்தம்பி கைய நீட்டிட்டு நின்னது பொய்யா? அசெம்பிளி ஜெயிக்கோணும்னு நான் நெனைக்கறது மட்டும் பொய்யா? ஊட்டுக்கு ஊட்டுக் கணக்கு, டீமுக்கு டீமு கணக்கு."

திம்மப்பன் ஆக்சிலரேட்டரை முறுக்கினான். லாரிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனார்கள். அவள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் சாய்ந்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் காதருகே. "வெஸ்லின் கோல் அடிச்சான்னா, எப்பவும் கோலியோட வலது கைப் பக்கமாத்தான் அடிப்பான். நீங்க அங்கயே பாயுங்க."

திம்மப்பனுக்குக் கண் கலங்கியது. என்ன இருந்தாலும் கட்டினவள் கட்டினவள்தான் என்று நினைத்துக்கொண்டான். அசெம்பிளியோடு மேட்ச் வருகிற அன்று வலது பக்கமே பாய்வது என்று முடிவு செய்தான்.

சூளகிரி வருவதற்குள் இடது பக்கம் என்று மாற்றிக்கொண்டான்.