ஓரத்தில் நின்ற புள்ளி

சேரி ஆட்கள் டெஸ்ட் ரூமுக்குள் வரக்கூடாது என்பது வெள்ளைக்காரத் துரை போட்ட சட்டம் அல்ல. மெக்கானிக் ஜானகிராமன் போட்டது. யுத்த காலம், ஆவடி மிலிட்டரி டிப்போவில் ரேடியோ ரிப்பேர் அவன் பொறுப்பு. அந்தச் சட்டத்தால்தான் மூட்டை தூக்கும் துலுக்கானம் அன்று காலை எட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் வெளியே, பலகைச் சுவரை ஒட்டி அடுக்கினான். சுவருக்கு அந்தப்புறம் மேஜைமேல் புதுக் கேதோடு கதிர்க் குழாய்.

ஜானகிராமன் சுவிட்சைப் போட்டான். குழாயின் திரைக் கண்ணாடி நடுவில் நிற்கவேண்டிய பச்சைப் புள்ளி ஓரத்தில் போய் நின்றது.

"நேத்து கொழாயைக் கீழே போட்டுட்டியேடா! டோக்கனை வாசப்படியில வை. பொட்டிங்களை லாரியில ஏத்திட்டு ஊரைப் பாத்துப் போ."

"சாமி, கொயந்தையாட்டம் எறக்குனேன் சாமி!"

டோக்கன் போனால் டிப்போ கேட்டை இனித் தாண்ட முடியாது. வீட்டில் ஐந்து வாய்.

ஜானகிராமன் திரும்பி உட்கார்ந்து, துலுக்கானம் குழாயைக் கெடுத்துவிட்டான் என்று ரிப்போர்ட் எழுதினான். துலுக்கானம் டோக்கனை வாசற்படியில் வைத்துவிட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினான். ஜன்னலில் பார்த்தால் புள்ளி நடுவுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியை எடுத்ததும் நடுவில் நின்றது. மறுபடி சுவரோடு சேர்த்தான். விலகியது.

பெட்டியோடு உள்ளே நுழைந்தான்.

"டேய், எங்கடா வரே?"

"கண்ணைத் தொறந்து பாரு."

பெட்டியைக் குழாயருகே கொண்டுபோனான். புள்ளி ஓரத்துக்கு ஓடியது. பெட்டியைத் திருப்பினான். எதிர் ஓரத்துக்கு ஓடியது.

"உள்ள இன்னா கீது?"

"காந்தம்," என்றான் ஜானகிராமன். குரல் இறங்கிவிட்டது. வெளிச்சம் காந்தத்துக்கு வளையாது. புள்ளியைப் போடும் இந்தக் கதிர் வளைகிறது. அப்படியானால் இது வெளிச்சமல்ல, மின்னேற்றமுள்ள துகள்கள். வளையும் பக்கத்தை வைத்து அது எதிர்மின்னேற்றம் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். எலக்ட்ரான். காலேஜில் இதை எழுதி மார்க் வாங்கியவன் அவன்.

"சொவத்தாண்ட வெக்கச் சொன்னது ஆரு?"

ஜானகிராமன் எழுந்து வாசலுக்குப் போனான். வாசற்படியில் கிடந்த டோக்கனைச் செருப்புக் காலால் துலுக்கானத்தின் பக்கம் தள்ளிவிட்டான்.

"கொழாய் நல்லாத்தான் இருக்கு. டோக்கனை எடுத்துட்டுப் போ."

"கையில குடு."

"துரை வர நேரம். பொட்டியை எடுடா!"

"வரட்டும். அவருக்கும் காட்றேன்."

பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு கையை நீட்டினான். பாரத்தில் உடம்பு நடுங்கியது. ஓரத்தில் புள்ளியும் நடுங்கியது. வெளியே ஜீப் சத்தம் கேட்டது. ஜானகிராமன் குனிந்து டோக்கனை எடுத்து அந்தக் கையில் வைத்தான். உடனே விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

துலுக்கானம் அதைப் பார்த்தான். நகரவில்லை.

"அந்த ரிப்போர்ட்டைக் கிழி," என்றான்.